புனிதா வீட்டு நேரம்

அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் பேருந்து நின்றுகொண்டிருந்தபோது என் கைப்பேசியில் புனிதாவின் பெயர் வந்தது. எடுத்தவுடன், "இன்னைக்கு எதைக் கழற்றிப் போட்டிருக்கே?" என்று கேட்டேன். கொஞ்ச வாரங்களாக அவள் அழைப்பதெல்லாம் அதற்குத்தான். மறுமுனையில் இருந்தது அவள் கணவர் சேகர். அவள் கைப்பேசியிலிருந்து, பூந்தமல்லியில் ஒரு மருத்துவமனையில் நின்றுகொண்டு பேசினார். "சிஸ்டர், புனிதா பூட்டா" என்றார். போய்விட்டாள் என்கிற வார்த்தை காதில் விழுந்தது, தலைக்குள் ஏறவில்லை. சிக்னல் விழுந்து வண்டி நகர்ந்த பிறகு நான் எழுந்து கதவை நோக்கி நடந்தேன். நடத்துநர் திட்டினார். அவர் திட்டியது நியாயம்தான், ஆனால் என்னால் உட்கார முடியவில்லை.

அன்றிலிருந்து இன்றுவரை சரியாக உட்காரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இந்த அஞ்சலியை எழுதச் சொன்ன அலுவலக நண்பர்கள், 'அமைதியே உருவான புனிதா' என்று ஆரம்பிக்கலாமே என்றார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்றே புரியவில்லை. அவளோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுவாள். கூட்டத்தில் மேலாளர் பேசிக்கொண்டிருக்கும்போது மேசைக்கு அடியில் குனிந்து எந்த வயர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். குத்தம்பாக்கத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம், அங்கிருந்து கணினி வலைப்பின்னல்களைக் கண்காணிக்கும் எங்கள் அறைக்கு வந்தவள். வந்த இடத்துக்காகப் பேச்சை மாற்றிக்கொண்டதில்லை. நாமக்கல்லிலிருந்து வந்து கோவில்பதாகையில் குடியேறிய என்னை முதல் நாளே "இன்னாடி நாமக்கல்லு" என்று கூப்பிட்டாள். கடைசி வரைக்கும் அதுதான் என் பெயர்.

நேரத்தின் மேல் அவளுக்கு அந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பதைச் சிலர் அறிந்திருப்பீர்கள். ஒரு நாள் ஒரு வாடிக்கையாளரின் இணைப்பு மொத்தமாகப் படுத்துவிட்டது. யார் கை வைத்ததால் படுத்தது என்று இரண்டு இயந்திரங்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். பதிவுப்படி, புனிதா ஒரு மாற்றம் செய்த பிறகுதான் இணைப்பு போயிருக்கிறது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் எழுந்தாள். நேராகப் போய் இரண்டு இயந்திரங்களிலும் இப்போது என்ன மணி என்று பார்த்தாள். அவள் செய்த மாற்றம் பதிவான இயந்திரம் மற்றதைவிட நன்றாகவே பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. இணைப்பு போன பிறகு அதைச் சரிசெய்யத்தான் அவள் கை வைத்திருக்கிறாள். அன்றைக்கு அவள் சொன்னதை நான் பல கூட்டங்களில் மேற்கோள் காட்டியிருக்கிறேன்: "கடியாரம் தப்பா இருந்தா பழி தப்பான ஆளு மேல வுயும்."

அதன் பிறகுதான் நசரத்பேட்டை வீட்டில் அந்தச் சின்னப் பெட்டியை வைத்தாள். உள்ளங்கை அளவில் ஒரு கணினிப் பலகை. அதிலிருந்து ஒரு வயர் மொட்டைமாடிக்குப் போகும். வயரின் நுனியில் தீப்பெட்டி அளவுக்கு ஓர் ஆன்டெனா. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் சொல்லும் நேரத்தை ஆன்டெனா வாங்கித் தரும், பலகை அதை வீட்டில் உள்ள மற்றவற்றுக்குச் சொல்லும். ஹாலில் சிவப்பு எண்கள் ஓடும் கடிகாரமும் வாசல் கேமராவும் அதைக் கேட்டுத்தான் நடந்தன. சேகர் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். "எங்க ஊட்ல மட்டும் ராக்கெட் உடற எடத்து நேரம் ஓடுது சிஸ்டர்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவருக்கு அதில் மனைவியைவிடப் பெருமை அதிகம்.

இந்தக் கோடையின் தொடக்கத்தில் அந்தப் பெட்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. கரண்ட் போய் வந்தால் ஒரு நாள் செயற்கைக்கோள் பிடிபடாது. இன்னொரு நாள் கரண்ட் போய் வந்தாலும் ஒன்றும் ஆகாது. இப்படி வந்து வந்து போகிற கோளாறு மாதிரி எரிச்சலான விஷயம் எங்கள் தொழிலில் வேறில்லை. புனிதாவுக்கு அது சாப்பாட்டில் கல் கடித்த மாதிரி. விடமாட்டாள். எது மேல் சந்தேகம் வந்தாலும் அதைக் கழற்றி வெளியே வைத்துவிடுவது அவள் வழக்கம். முதலில் அடாப்டர் போனது, அப்புறம் மெமரி கார்டு. கரண்ட் இல்லாதபோதும் நேரத்தை நினைவில் வைத்திருக்கும் பட்டன் பேட்டரி ஒன்று இருந்தது, அதையும் கழற்றினாள். கடைசியாக, இணையத்திடம் நேரம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளும் வசதியையும் நிறுத்தினாள். அதை மட்டுமாவது விட்டுவை என்றேன். "அது பக்கத்துல குந்திகினு இவனுக்கு பதில் சொல்லிக் குடுக்குதுடி. அப்பறம் இவன் படிச்சானா இல்லியான்னு எனக்கு எப்டி தெரியும்?" என்றாள். ஆக, வானத்தைத் தவிர வேறு துணை இல்லாமல் நின்றது அந்தப் பலகை. போதாததற்கு, நேரம் கிடைக்கவில்லை என்றால் கேமரா முரண்டு பிடிக்கிறது என்று, தெரியாத நேரத்திலும் கடைசியாக நினைவிலிருந்த மணியிலிருந்து எண்ணிச் சொல்லும்படி பலகையைப் பழக்கியிருந்தாள்.

ஆன்டெனாவைப் பார்த்தாயா என்று நான் கேட்டபோது, சேகர் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகவும், கட்டியது கட்டியபடியே இருப்பதாகவும் சொன்னாள். "நீயே ஒருமுறை ஏறிப் பாரேன்" என்றேன். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முட்டி வேறு பிடித்துக்கொள்கிறது என்றாள். அவள் மொட்டைமாடிக்குப் போவதையே நிறுத்தியிருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. துணி காயப்போட வீட்டின் பின்பக்கம் புதிதாகக் கொடி கட்டிக்கொண்டாளாம். அதைத் தன் சாமர்த்தியம் என்று எங்களிடம் பீற்றிக்கொண்டும் இருந்தாள். ஒரு பலகை பின்தங்கினால் சோறு இறங்காத பெண், தன் மூச்சு பின்தங்கியதற்கு மட்டும் மாற்றுவழி போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். இதை எழுதும்போது எனக்கு வருவது கண்ணீர் இல்லை, கோபம். அவள் மேல்தான் கோபம்.

அன்று நடந்தது இது. உடம்பு அசதியாக இருக்கிறது என்று அவள் மதியம் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். சேகர் இரவுப் பணி முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். மதியத்துக்கு மேல் கரண்ட் போய் வெகுநேரம் வரவில்லை. வந்ததும் அவள் எழுந்து போய் மோட்டார் போட்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கணவரை எழுப்பியிருக்கிறாள். சேகரின் கைப்பேசியில் சார்ஜ் இல்லை, புனிதாவுடையது அவள் கைப்பைக்குள் எங்கோ கிடந்தது. ரோட்டுக்கு ஓடி, போய்க்கொண்டிருந்த ஆட்டோவை மறித்துக் கூட்டிவந்து, அவளை ஏற்றிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனார். மகள் யாழினி சிறப்பு வகுப்புக்காகப் பள்ளியில் இருந்தாள். மருத்துவர் எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்று கேட்டபோது, கிளம்பும்போது ஹாலில் பார்த்த மணியைச் சொன்னார் சேகர்: நாலு மணி. இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் என்று மருத்துவர் கேட்டார். ஏனென்றால் அங்கே அவர்களைச் சேர்த்தபோது மணி ஐந்தரை.

அந்தக் கேள்வியைப் பக்கத்திலிருந்து கேட்டவன் புனிதாவின் தம்பி தேவா. குத்தம்பாக்கத்திலிருந்து தகவல் தெரிந்து ஓடி வந்திருந்தான். வீட்டுக்கு வந்து வாசல் கேமராவின் பதிவை எடுத்துப் பார்த்தான். நாலு மணிக்கு ஆட்டோ ஏறுகிறார்கள், அதிலும் மாற்றமில்லை. மெட்ரோ வேலையில் ரோடு எவ்வளவு மோசமாக இருந்தாலும் நசரத்பேட்டையிலிருந்து பூந்தமல்லிக்கு அத்தனை நேரம் ஆகாது. "எங்க அக்காவ இட்டுகினு எங்க சுத்திகினு இருந்தே?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டான். சேகர் நேராகத்தான் போனேன் என்றார். பிறகு அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். போகப் போக அவர் குரலிலேயே உறுதி குறைந்தது. ஒரு நாள் என்னைத் தனியாக அழைத்து, வழியில் எங்காவது நின்றோமா என்று தனக்கே சரியாக ஞாபகமில்லை என்றார். யாழினி பன்னிரண்டாம் வகுப்பு. அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். காரியம் முடிந்ததும் அவளைத் தன்னோடு அழைத்துப் போகப்போவதாக தேவா சொல்லிவிட்டான். அவளும் துணிமணியை எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டாள்.

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்று கேட்டால், எதுவும் செய்யவில்லை. நடந்தேன். துக்க வீட்டில் பாயில் உட்கார்ந்து பெண்களோடு பெண்ணாக அழுவது எனக்கு வரவில்லை. ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். காரியத்துக்கு முந்தைய வாரம் அப்படி ஒரு மதியம் நடந்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது. சொந்தக்காரர்கள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கரண்ட் வந்ததும் யாரோ ஒரு அம்மாள் பழக்கதோஷத்தில் போய் மோட்டாரைப் போட்டார். கடிகாரத்தில் சிவப்பு எண்கள் எரிந்தன. அதைப் பார்த்தேன், என் கைப்பேசியைப் பார்த்தேன். கடிகாரம் கரண்ட் போவதற்கு முன்னால் இருந்த மணியிலேயே நின்று, அங்கிருந்து ஓட ஆரம்பித்திருந்தது. கரண்ட் இல்லாத நேரம் மொத்தமும் அந்த வீட்டில் நடக்கவே இல்லாத மாதிரி.

மடிக்கணினியை எடுத்துப் பலகையோடு இணைத்தேன். எந்தெந்தச் செயற்கைக்கோள்கள் காதில் விழுகின்றன என்று அது பட்டியல் காட்டும். பட்டியல் காலியாக இருந்தது. அசையாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றுதான் அந்த வீட்டில் நான் முதல்முறையாக உட்கார்ந்தது. சாயங்காலம் வந்தவர்கள் குளித்தார்கள், பாத்திரம் விளக்கினார்கள், துணி அலசினார்கள். பட்டியலில் ஒன்று வந்தது. அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் கடிகாரம் ஒரே தாவலில் சரியான மணிக்கு வந்துவிட்டது. யாருமே கவனிக்கவில்லை. நான் போய் மறுபடி மோட்டாரைப் போட்டேன். தண்ணீர் ஏற ஏற, வந்தவை ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. செருப்பைக்கூட மாட்டாமல் மாடிக்கு ஓடினேன்.

கைப்பிடிச்சுவரில் இருக்க வேண்டிய ஆன்டெனா அங்கே இல்லை. இரும்புக் கால்களின் மேல் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியின் அடிவயிற்றில், மடித்த பிளாஸ்டிக் உறைக்குள், கட்டுக்கம்பியால் மிக அழகாகக் கட்டப்பட்டிருந்தது. காலித் தொட்டி என்றால் வெறும் பிளாஸ்டிக், அதன் வழியாகச் செயற்கைக்கோளின் மெல்லிய குரல் எப்படியோ வந்துவிடும். தண்ணீர் நின்றால் வராது. கரண்ட் வந்ததும் பலகை வானத்தைத் தேடிப் பிடிக்கச் சற்று நேரமாகும். அதற்குள் நம் ஊர் வழக்கப்படி எல்லோரும் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிவிடுகிறோம். மோட்டார் போடாத நாட்களில் கோளாறு வராததும் இதனால்தான். புனிதா வாரக்கணக்கில் கீழே ஒவ்வொன்றாகக் கழற்றித் தேடியது, அவள் தலைக்கு மேலே இருந்தது. ஒருமுறை படி ஏறியிருந்தால் பார்த்தவுடன் சிரித்திருப்பாள்.

சேகரை மேலே கூப்பிட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, கோடை ஆரம்பத்தில் வெயில் தாங்க மொட்டைமாடிக்கு வெள்ளையடித்தபோது தான்தான் அதைத் தொட்டிக்கு அடியில் கட்டியதாகச் சொன்னார். "வெயில்லயும் மழைலயும் கெட்டுப்பூடும்னு கட்னேன் சிஸ்டர். அவ ஆசையா வெச்ச சாமான் ஆச்சே." நான் விளக்கத் தொடங்கினேன். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. "அப்போ நான் அன்னிக்கி பாத்த நாலு மணி…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் அந்த வெள்ளைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்காமலே ஒன்றே ஒன்று கேட்டார். இதைத் தனக்குச் சொல்ல வேண்டாம், தேவாவுக்கும் யாழினிக்கும் காட்ட வேண்டும், ஆன்டெனாவை அதுவரை அவிழ்க்கக் கூடாது.

மறுநாள் காலையில் தேவா வந்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. யாழினி அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். அவனையே தொட்டியை நிரப்பச் சொன்னேன், அவனையே மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொன்னேன். காத்திருந்தோம். அந்த நேரம் முழுக்க அவன் வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருந்தான், நானும்தான். பிறகு ஸ்விட்சைப் போடச் சொன்னேன். கடிகாரம் எரிந்ததும் அவன் தன் கைப்பேசியைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், மறுபடி கைப்பேசியைப் பார்த்தான். வாசலுக்குப் போய், கேமராவின் முன்னால் நின்று, அப்போது பதிவானதையும் எடுத்துப் பார்த்தான். இரண்டும் ஒரே பொய்யைச் சொல்லின. அன்று மதியம் கரண்ட் எவ்வளவு நேரம் இல்லை என்பது தெருவுக்கே தெரியும். அந்த நேரத்தை நாலு மணியோடு அவனே கூட்டிப் பார்த்தான், நேராகப் போனால்தான் ஐந்தரைக்குப் போய்ச் சேர முடியும் என்று வந்தது.

நான் அவன் மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. சுவரில் சாய்ந்தபடி, "அப்போ நான் யாரத்தான் கேக்கறது?" என்றான். அவன் குரலில் அத்தனை நாளும் இருந்த சூடு எல்லாம் போய்விட்டிருந்தது. அக்கா இனி இல்லை என்பது அவனுக்கு அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

"என்னையே கேளு, பரவால்ல" என்றார் சேகர். "ஆனா சுத்திகினு இருந்தேன்னு மட்டும் சொல்லாத."

யாழினி வந்து என் கையிலிருந்த மடிக்கணினியை வாங்கிக்கொண்டாள். அம்மா கிளம்பிய அந்தப் பதிவைத் திறந்து ஓடவிட்டாள். எத்தனையோ முறை பார்த்த பதிவு அது. தேவா பார்த்தான், சொந்தக்காரர்கள் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். எல்லோருமே திரையின் மூலையில் இருந்த மணியைத்தான் பார்த்தோம். புனிதாவை யாரும் பார்க்கவில்லை. யாழினி நிறுத்தி, பின்னால் போய், மறுபடி ஓடவிட்டாள். வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு புனிதா நிற்கிறாள். ஒரு கை நெஞ்சில் இருக்கிறது. ஆட்டோ தயாராக நிற்கிறது, சேகர் அவளைத் தோளோடு அணைத்து ஏற்றப் பார்க்கிறார். அவள் ஏறாமல் கேட்டிலிருந்து கையை எடுத்து அவர் கால் பக்கம் நீட்டி ஏதோ சொல்கிறாள். பதிவில் சத்தம் இல்லை.

"செருப்பு" என்றாள் யாழினி. "அப்பா வெறுங்காலோட கீது. அம்மா செருப்ப போட்டுகினு வரச் சொல்லுது."

சேகர் திரையில் வீட்டுக்குள் ஓடி, காலில் மாட்டிக்கொண்டு திரும்பி வருகிறார். அதுவரை அவள் ஏறவில்லை. அவர் கால்களைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறாள். எனக்கு இது ஞாபகமே இல்லையே என்று சேகர் அழ ஆரம்பித்தார். அவள் போன நாளிலிருந்து அவர் அழுது நான் பார்ப்பது அதுதான் முதல்முறை. யாழினி மடிக்கணினியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தேவா அவளுடைய பையைப் பற்றி அப்புறம் பேச்சே எடுக்கவில்லை.

ஆன்டெனாவைச் சுவரிலேயே கட்டிவிட்டோம். பெட்டியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், இதையெல்லாம் இனி யார் பார்ப்பது என்றார் சேகர். வேண்டாம், இந்த வீட்டிலேயே ஓடட்டும், நான் வந்து பார்க்கிறேன் என்றேன். புனிதாவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான். நிற்கவும் முடியாத அந்த வலியில், தூக்கக் கலக்கத்தோடு வெறுங்காலில் நின்ற மனிதனுக்குச் செருப்பைக் காட்டிய அந்தக் கை.